சித்திரை மட்டும் வேண்டாம்

“உங்க ஊருக்குப் போறதுன்னா எந்த மாசம்டி நல்லாருக்கும்?” என்று சேவியர் ஹாலிலிருந்து கேட்டபோது மெற்றில்டா முதல் சாளையின் தலையை அறுத்து முடித்திருந்தாள். இரண்டு கிலோ மீன். இடது மணிக்கட்டு வியாழக்கிழமையிலிருந்து வீங்கிக் கிடக்கிறது, அழுத்திப் பிடிக்க முடியவில்லை, மீன் வழுக்கி வழுக்கிச் சட்டிக்குள்ளேயே போய் விழுகிறது, செத்த மீனுக்குக்கூட என்னைக் கண்டால் இளக்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. காதில் விழாத மாதிரி குழாயைத் திறந்துவிட்டாள். அவன் விடுகிறவனா, மேலே பேசிக்கொண்டே போனான்: மில்லில் இந்த வருஷத்துக்கு உண்டான லீவை நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், நாலு நாள் சேர்ந்தாற்போல எடுக்கப்போகிறானாம், புது புல்லட்டில் திண்டுக்கல்லிலிருந்து கல்லடித்துறை வரைக்கும் ஒரே ஓட்டமாம். “நீயும் வேணாம், பாப்பாவும் வேணாம். மனுசன் நாலு நாள் நிம்மதியா இருக்கணும்.” பத்து வருஷமாக அவளுடைய ஊரை மீன் நாத்தம் பிடித்த ஊர் என்று சொல்லி வந்தவன், அவள் அம்மா செத்ததற்குக்கூட மண் போட்ட கையோடு திரும்பி வந்தவன், இப்போது எவனோ ஒருத்தன் அந்த ஊர் மேசைப்பாறையின் மேல் கையை விரித்து நிற்க, பின்னால் அலை வெள்ளையாக எழும்பி நிற்கும் போட்டோவைப் போனில் பார்த்துவிட்டு, தானும் அப்படி நிற்க வேண்டும் என்று ஒரு வாரமாகப் பைத்தியம் பிடித்து அலைகிறான். “போன்ல அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும்னு போட்டிருக்கான். அவன் கெடக்கான். ஊர்க்காரி நீ சொல்லு.” சொல்லு என்றால் உடனே சொல்லிவிட முடியுமா. அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வருவதற்கு முன்னால், அது எந்தப் பக்கம் திரும்பிக் கடிக்கும் என்று பார்த்துத்தான் விட வேண்டும். அவள் இரண்டாவது மீனை எடுத்தாள்.

சேவியருக்கு ஒரு குணம். அவள் கிழக்கு என்றால் அவனுக்கு மேற்கு. கல்யாணமான புதிதில் மழை வரும்போல இருக்கு, ரெயின்கோட்டை எடுத்துட்டுப் போங்க என்றாள்; அவன் கோட்டைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போய்த் தொப்பலாக நனைந்து வந்து, நீ வாய் வச்சதாலதான்டி பேஞ்சது என்று செவிட்டில் ஒன்று விட்டான். மழைக்கும் அவளே பொறுப்பு. இப்படி நாலைந்து அறை வாங்கிய பிறகு சூட்சுமம் பிடிபட்டது. வேண்டியதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், வேண்டாததை வேண்டும் வேண்டும் என்று கெஞ்ச வேண்டும். இந்த வீடு வேண்டாங்க, ரோட்டோரம், ஒரே சத்தம் என்றாள். அடுத்த வாரமே சாமான் வந்து இறங்கிவிட்டது, அவளுக்கும் நாலு மனுஷ முகத்தைப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்தது. பிள்ளைக்கு ரின்சி என்று மட்டும் வச்சிராதீங்க, எங்க ஊர்ல அந்தப் பேர்ல ஒரு ஓடுகாலி இருந்தா என்றாள். ஞானஸ்நானத்தன்று சாமியாரிடம் ரின்சி என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்து ஜெயித்த சிரிப்புச் சிரித்தான். அவளும் தோற்றவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை அடக்கக் கடித்ததில் உதட்டில் ரத்தம் வந்தது. இதோ இந்தச் சாளையும் அப்படி வந்ததுதான். மத்தி வாங்கிராதீங்க, முள்ளு, என்று அவன் ஊர்ப் பேரைச் சொல்லித் தடுத்தாள், இரண்டு கிலோவாகக் கொண்டுவந்து போட்டுவிட்டான். முதுகில் அடி வாங்கிக்கொண்டே மூக்கணாங்கயிற்றையும் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்தது. அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டுதான் பத்து வருஷத்தை ஓட்டினாள்.

எந்த மாதம் நல்லது. நிஜமாகக் கேட்டால், கேட்கிறவன் மனுஷனாக இருந்தால், மாசி என்பாள். மாசியில் கல்லடித்துறையைப் பார்க்க வேண்டும், மழையெல்லாம் ஓய்ந்து, வெயிலும் ஏறாமல், பாறையில் நின்றால் அடியில் பாசி ஆடுவது தெரியும், தூரத்தில் கட்டுமரத்தில் இருக்கிற ஆள் தும்மினால் கரையில் கேட்கும். ஐப்பசி கார்த்திகை ஆகாது, மழை, எந்தப் பக்கமிருந்து புயல் கிளம்பும் என்று தெரியாது. மார்கழியில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும், ஆனால் கரைக்காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கும். ஆனி ஆடியைச் சொல்லலாம். ஆனி ஆடியில் கடல் ஊரெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு வரும், சுவரை இடிக்கும், தென்னையைப் பிடுங்கும், ஆனால் அது அடிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அடிக்கிற கடல், அதனால் ஒருத்தரும் கிட்டே போக மாட்டார்கள், தெரியாமல் போகிற வெளியூர்க்காரனையும் கரையில் நிற்கிற ஆட்கள் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். மீனை அறுத்துக்கொண்டிருந்த கத்தி நின்றது. இழுத்துவிட்டால் என்ன, நல்லதுதானே? ஆனி ஆடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இழுத்துவிடுவார்களே என்று எதற்காகக் கீழே வைத்தாள்? மாசியைச் சொல்லிவிட்டு மீனைப் பார்க்க வேண்டியதுதானே. ஆனால் மனது மாசியில் நிற்கவில்லை. பங்குனிக்குப் போனது, பங்குனியைத் தாண்டியது, தாண்டிய இடத்தில் அந்த வார்த்தை அவளுக்காகவே உட்கார்ந்திருந்தது. கள்ளக்கடல். பத்து வருஷமாக அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, திண்டுக்கல்லில் சொன்னாலும் யாருக்கும் புரியப்போவதில்லை.

காற்று இருக்காது, மேகம் இருக்காது, சித்திரை உச்சி வெயிலில் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கும். எங்கோ கண்காணாத தூரத்தில் அடித்த காற்றுக்கு இங்கே வந்து பழி தீர்க்கும். அலையாகக்கூட வராது, தண்ணீர் மொத்தமும் ஆள் உயரத்துக்கு எழுந்து சத்தமில்லாமல் நடந்து வரும், திருடன் வருகிற மாதிரி, எடுத்துக்கொண்டு அதே மாதிரி போய்விடும். அம்மா படித்துப் படித்துச் சொல்லுவாள்: “காத்தடிச்சா பயப்படாண்டாம் மக்ளே. சித்திரைல காத்தே இல்லேன்னா அந்தப் பாறப் பக்கம் போவப்பிடாது, கேட்டியா.” கேட்டாள், நன்றாகவே கேட்டாள். கேட்டுவிட்டு, அந்த மேசைப்பாறையில் நெத்திலி காயப்போட்டிருந்த அன்றைக்கு, மீனைப் புரட்டிப் போடுகிற முறை தன்னுடையது என்று தெரிந்தும், வயிறு வலிக்கிறது என்று பாயில் சுருண்டு படுத்துக்கொண்டாள். வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வெயிலுக்குச் சோம்பல். அக்கா ஜெசிந்தாதான் போனாள். “வந்து உன் கொடல உருவுதேன் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள், அதுதான் அவள் கடைசிப் பேச்சு. அவள் போனதும் மெற்றில்டா எழுந்து வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். பாறை இருந்தது, அதன் மேல் குனிந்தபடி அக்கா இருந்தாள். பிறகு தண்ணீர் இருந்தது. பிறகு பாறை மட்டும் இருந்தது, நெத்திலி ஒன்றுகூட இல்லாமல், கழுவித் துடைத்த மாதிரி. மூன்றாம் நாள் இரண்டு ஊர் தள்ளி ஒதுங்கினாள், முகம் இருந்த இடத்தில் நண்டு தின்றது போக மிச்சம், ஒற்றைக் கம்மலை வைத்து அடையாளம் சொன்னார்கள். பின்மண்டையைப் பாறை அடித்து அடித்துத் திறந்துவிட்டிருந்தது, அம்மா அதைத் துணியால் மூடினாள், துணி உள்ளே போனது, இன்னொரு துணி எடுத்து மூடினாள், அதுவும் உள்ளே போனது. மெற்றில்டாவுக்கு அப்போது பதினான்கு வயது. அன்றிலிருந்து நிஜமாக வயிறு வலித்தாலும் அவள் ஒருத்தரிடமும் சொல்லுவதில்லை.

ஐந்தாவது மீன், ஆறாவது மீன், வயிற்றைக் கீறிப் பெருவிரலை உள்ளே விட்டு ஒரு வழி வழித்தால் குடல் மொத்தமாகக் கையோடு வருகிறது. அவன் நிற்பான். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். முதுகைக் காட்டாமல் அந்தப் போட்டோ எடுக்க முடியாது. முதல் எழுச்சி முழங்காலுக்குப் பின்னால் தட்டும், தட்டியதும் குப்புற விழுவான், விழுந்து பாறை விளிம்பைப் பிடிப்பான், விளிம்பு முழுக்கச் சிப்பி, பிளேடு மாதிரி, விரல் தோல் உரிந்து கையுறை கழற்றுகிற மாதிரி கழன்று வரும். அந்த விரல்கள். வியாழக்கிழமை அந்த விரல்கள்தான் இந்த மணிக்கட்டைப் பிடித்து ஈரத் துணி பிழிகிற மாதிரி பிழிந்தன, எதற்கு, புல்லட் சாவியைச் சாமி படத்துக்குக் கீழே எடுத்து வைத்ததற்கு. இரண்டாவது எழுச்சி அவனைத் தூக்கும், தூக்கிவிட்டு இறங்கும், இறங்குகிற வேகத்தில் தலை பாறையில் போய் மோதும், தேங்காய் உடைக்கிற சத்தம் ஒன்று கேட்கும், ஒன்றே ஒன்று, பிறகு கல்லில் சாய்த்து வைத்த போன் மட்டும் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். அவன் சாக வேண்டும். அவளுக்கு அது வேண்டும், வெறும் வயிற்றுக்குச் சோறு வேண்டும் என்கிற மாதிரி வேண்டும், அதில் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய ஊர்க்காரர்கள், எவன் விழுந்தாலும் வேட்டியோடு குதிக்கிற சாதி அது, யாராவது குதித்து அவனோடு சேர்ந்து போய்விட்டால்? போக மாட்டார்கள். சித்திரை உச்சியில் விடியற்காலை கடலுக்குப் போய் வந்த களைப்பில் எல்லோரும் தூங்குவார்கள், கரையில் நாய்கூட நிற்காது. அதையும் யோசித்தாயிற்று. இத்தனையும் யோசிக்க ஒரு மீன் கழுவுகிற நேரம்தான் ஆனது என்று கண்டபோது அவளுக்குத் தன்னைக் கண்டே பயம் வந்தது.

இனி சொல்ல வேண்டியது ஒரு வரிதான். சித்திரை மட்டும் வேண்டாம், கள்ளக்கடல் வரும். இவ்வளவுதான். பொய்கூட இல்லை, சுத்தமான உண்மை. அவள் உண்மையைச் சொல்லுவாள், சொன்னது அவள் என்பதற்காகவே அவன் சித்திரையில் போவான். சாமியார் பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, சாமி, நான் வேண்டாம் என்றுதான் தடுத்தேன், அவர்தான் கேட்கவில்லை என்றால் எந்தச் சாமியார் என்ன பரிகாரம் கொடுப்பார்? அழுத கண்ணைத் துடைத்துவிடுவார். மூன்று அருள்நிறைந்த மரியே செபம்கூடச் சொல்லச் சொல்ல மாட்டார். இப்படி யோசித்து அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வந்த சிரிப்பு ஓரிடத்தில் போய்த் தட்டி நின்றது. அவன் கேட்டுவிட்டால்? எப்போதும் எதிர்த்தே செய்கிறவன், ஒரே ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறான். ரின்சிக்கு மூன்று வயது, இரண்டாவது வயிற்றில் நாலு மாதம், அவன் உதைத்தது இடுப்பில்தான், ஆனால் ரத்தம் நிற்கவில்லை. பாயெல்லாம் ரத்தம். அவன் பயந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் போலாமா என்று கேட்டான். போலாம் என்றால் போக மாட்டான், அதுதானே கணக்கு, பழகிய நாக்கு தன்பாட்டில் புரண்டு, வேண்டாங்க, சரியாப் போயிரும் என்றது. அவன், சரி வேண்டாம், என்றான். சரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு பழைய துண்டில் அவளே சுற்றினாள், உள்ளங்கை நீளம், ஆண். அவன் கொன்றானா, அவள் நாக்கு கொன்றதா என்று அவள் இன்றுவரைக்கும் பிரித்துப் பார்த்ததில்லை, பார்த்தால் எழுந்து நடமாட முடியாது. கத்தியால் அடுத்த மீனின் செதிலைச் சுரண்டினாள். அது அம்மா கொடுத்த கத்தி, ஊரில் பிச்சாத்தி என்பார்கள், அந்தச் சொல்லைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்ததிலிருந்து அவளும் கத்தி என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

“ஏய், செவிடா? லெட்டர் எழுதணும்டி. எந்த மாசம்?”

தண்ணீரை நிறுத்தினாள். சட்டியில் பாதிக்கு மேல் மீன் பாக்கி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மாசி என்று சொல்லிவிடு. சொன்னால் மாசியில் போக மாட்டான், வேறு எதிலாவது போவான், தன்பாட்டில் போய்த் தன்பாட்டில் வருவான், வந்து போட்டோவை வீட்டில் மாட்டுவான், மாட்டிய கையால் அடிப்பான், இன்னும் முப்பது வருஷம். முப்பது வருஷம் என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்தது.

“எப்ப வேணும்னாலும் போங்க. சித்திரை மட்டும் வேண்டாம்.”

“ஏனாம்?”

“கள்ளக்கடல் வரும். காத்து மழை ஒண்ணும் இல்லாமலே திடீர்னு கடல் பொங்கும். எங்க அக்காவை அந்தப் பாறைல வச்சுத்தான் கொண்டுபோச்சு.”

குரல் கொஞ்சமும் ஆடவில்லை. இப்படி ஒரு உண்மையை இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று அவளுக்கே தெரியாது. கேட்டுவிட்டானோ, அன்றைக்குப்போலக் கேட்டுவிட்டானோ என்று காது இரண்டும் ஹாலிலேயே கிடந்தன. பிறகு அவன் சிரித்தான்.

“கள்ளக்கடலா? கடல்லயும் திருடன் வச்சிருக்காய்ங்களா உங்க ஊர்ல? உங்கக்கா கால் வழுக்கி விழுந்து செத்தான்னுதானடி எங்கிட்ட சொன்னீங்க. நான் நிம்மதியாப் போயிட்டு வந்துரக்கூடாது, அதுக்கு ஒரு கதை. போன்ல ஒரு இடத்துலயும் அப்படிப் போடலையே? எழுதறேன் பாரு. சித்திரை. ஏப்ரல் கடைசி.”

மெற்றில்டா கண்ணை மூடிக்கொண்டாள். மீன் நாற்றம், ரத்த நாற்றம், அதற்கு நடுவில் எங்கிருந்தோ உப்புக் காற்று ஒன்று வந்து நெஞ்சு முழுக்க நிறைந்தது. முடிந்தது. அவன் கையாலேயே எழுதிக்கொண்டான். இன்னும் மூன்று மாதம், மூன்று மாதமும் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும், இனிமேல் ஒவ்வொரு அடியும் குறைந்துகொண்டே போகிற அடி. கறுப்புச் சேலை உடுத்த வேண்டும், பொங்கிப் பொங்கி அழ வேண்டும், அதற்கு ஜெசிந்தாவை நினைத்துக்கொண்டால் போதும். அப்போதுதான் அவன் காலடியில் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்த ரின்சியின் குரல் கேட்டது. எட்டு வயதுக் குரல், கேட்டால் இல்லை என்று சொல்ல வராத குரல்.

“அப்பா, நான் அம்மா ஊர்க் கடலைப் பாத்ததே இல்லப்பா.”

“நீயும் வாடா தங்கம். ஏப்ரல்னா உனக்கும் லீவுதான். உங்கம்மா பொய்யி பொய்யின்னு ரெண்டு பேரும் நேர்ல பாத்துட்டு வருவோம். அந்தப் பாறைல ஒன்னையத் தோள்ல தூக்கி வச்சு ஒரு போட்டோ, சரியா?”

பாறை இருந்தது, அக்கா இருந்தாள். தண்ணீர் இருந்தது. பாறை மட்டும் இருந்தது. தோளில் உட்கார்ந்திருப்பவள் முதலில் விழுவாளா, அவன் விழுந்த பிறகு விழுவாளா. இரண்டு சடை, சிவப்பு ரிப்பன், பின்மண்டை எவ்வளவு சின்னது, கொஞ்ச நேரம் முன்னால்தான் எண்ணெய் வைத்தாள், உள்ளங்கைக்குள் அடங்கும், பாறைக்கு ஒரு மோதல்கூட வேண்டாம். கேட்ட சத்தம் திரும்பக் கேட்டது, தேங்காய் உடைகிற சத்தம், அதை அவளே அல்லவா அவ்வளவு ஆசையாக ஒருதரம் கேட்டாள். பதறாதே, பதறாதே, சூட்சுமம் இருக்கிறது, பத்து வருஷத்துச் சூட்சுமம், கயிற்றை இந்தப் பக்கம் இழுத்தால் மாடு அந்தப் பக்கம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு குரலில் சந்தோஷத்தை வரவழைத்தாள்.

“நல்லதுதாங்க. சித்திரைலயே போங்க. பிள்ளையும் கூட வரட்டும், எனக்கும் ரெண்டு நாள் ஓய்வா இருக்கும்.”

“பாத்தியா, இப்பத்தான் வழிக்கு வந்த” என்றான் சேவியர். “சரி, கூட்டிட்டுப் போறேன்.”

சரி. இரண்டாவது தரமாக அவள் சொன்னதைக் கேட்டுவிட்டான். பாய், ரத்தம், பழைய துண்டு, சரி வேண்டாம், சரி கூட்டிட்டுப் போறேன், ஒரே குரல், அதே சரி. பிள்ளையின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி அவன் லெட்டரில் கறகறவென்று எழுதுகிற சத்தம் சமையலறைக்குக் கேட்டது. வேண்டாம் என்றாலும் போவான், வேண்டும் என்றாலும் போவான், கயிறு எப்போதுமே அவள் கையில் இருந்ததில்லை, மாடு மேய்கிற பக்கமெல்லாம் அவள்தான் கயிற்றை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறாள். பத்து வருஷத்துக் கர்வம் குடலோடு சேர்ந்து வெளியே வந்துவிட்ட மாதிரி இருந்தது. இனிச் சொல்லுவதற்குப் புரட்டிப் போடாத வார்த்தை ஒன்றுதான் மிச்சம். அவள் எழுந்தாள். கையில் செதில், கையில் ரத்தம், வலது கையில் கத்தி, அதைக் கீழே வைக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் ஹாலுக்குப் போய் அவன் முன்னால் நின்றாள். நின்றதும் பத்து வருஷமாக அடித்து அடித்து அவன் உள்ளே அனுப்பியிருந்த கடற்கரைப் பேச்சு தானாக வெளியே வந்தது, நீங்க என்பது போய் நீரு என்று வந்தது.

“உம்மக் கொல்லத்தான் அப்பிடிச் சொன்னேன்.”

அவன் நிமிர்ந்தான்.

“நான் வேண்டாம்னு சொன்னா நீரு போவேருன்னு எனக்குத் தெரியும். போனா கடலு உம்ம எடுத்திரும்னும் தெரியும். நீரு சாவணும்னுதான் உள்ளதச் சொன்னேன். அது பொய்யில்ல. பிள்ளையக் கொண்டு போவாதயும்.”

அறை விழுந்தது. காதுக்குள் கடல் இரைந்தது. அவள் விழவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை, மூடினால் பாறை தெரியும் என்று திறந்தே வைத்திருந்தாள். இரண்டாவது அறைக்கு அவன் கையை ஓங்கியபோது அவன் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கிக் கத்தியில் போய் நின்றது, அவள் பார்வையும் அப்போதுதான் கத்திக்குப் போனது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைக் கண்டார்கள். ஓங்கிய கை அப்படியே நின்றது. ரின்சி ஸ்கெட்ச் பேனாக்களை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிவிட்டாள். மெற்றில்டா கத்தியை நீட்டவும் இல்லை, கீழே போடவும் இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள்: நெத்திலி, வயிற்று வலி, தன் முறை, ஒற்றைக் கம்மல், துணி உள்ளே போனது. எந்தக் கல்லில் அவன் போனைச் சாய்த்து வைப்பான், எந்தப் பக்கம் விழுவான், உச்சி வேளையில் ஏன் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்பது வரைக்கும் சொன்னாள். மீன் விலை சொல்லுகிற குரலில் சொன்னாள். அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. அவன் நம்புகிறான். பத்து வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றை முதல்தரமாக முழுசாக நம்புகிறான்.

“அப்ப எந்த மாசம்...” என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. குரலில் டி இல்லை.

“பிள்ளையக் கொண்டு போறதுன்னா எந்த மாசமும் இல்ல” என்றாள்.

அவன் லெட்டரை நாலாகக் கிழித்தான். கிழித்ததை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அவள் திரும்பி வந்து மிச்ச மீனையும் கழுவினாள். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது, கன்னம் சூடாகக் கிடந்தது, ராத்திரிக்கு என்ன ஆகும், நாளைக்கு என்ன ஆகும் என்று மனது ஓடிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இங்கேயே எங்கோதான் இருக்கிறது, ஆனால் வழக்கமாக உட்காருகிற இடத்தில் இல்லை. தேங்காய் அரைத்தாள், புளி கரைத்தாள், குடம்புளி போடாமல் என்ன சாளைக் குழம்பு என்று வழக்கம்போல மனதுக்குள் குறைபட்டுக்கொண்டாள், குழம்பு கொதித்து இறங்கியது. ரின்சிக்கு வெறும் தயிர்ச் சோறு போதுமாம், சாப்பிட்டுவிட்டு அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள். மெற்றில்டா தட்டைக் கழுவி வைத்து, சோறு போட்டு, நடுவில் குழி செய்து, குழம்பு ஊற்றி, நல்ல மீனாக மூன்று எடுத்து ஓரத்தில் வைத்தாள். சேவியர் வந்து உட்கார்ந்தான். சோற்றில் கை வைக்கவில்லை. மீனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் மீனைப் பார்த்தான். பிறகு தட்டை மெதுவாக அவள் பக்கம் தள்ளினான்.

“நீ மொதல்ல சாப்பிடு.”

அவள் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். எப்போதும் அவன் சாப்பிட்டு எழுந்து, பிள்ளை சாப்பிட்டு எழுந்து, சட்டியில் மிஞ்சியதை ஆறிப்போன பிறகு வழித்துத் தின்றே பழகிய நாக்கு சுட்டுவிட்டது. முள்ளை எடுத்து ஓரமாக வைத்து, ஊதி ஊதி, இன்னொரு வாய் வைத்தாள். அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவசரப்படவில்லை.